பணிப்புரை எழுதியவனே பொறுப்பாளி

கந்தோர் வாசலில் வந்து நிற்பவனுக்கு முதலில் மறுமொழி கூறுபவர் யார் என்பது சிறிய விடயமன்று. முன்னர் அவ்விடத்தில் ஓர் இலிகிதர் இருந்தார். வந்தவன் தன் கருமத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்புவானா, பத்து முறை அலைவானா என்பதை அவருடைய முதல் வார்த்தையே பெரும்பாலும் தீர்மானித்தது. இன்று பல நிறுவனங்கள் அவ்விடத்தில் ஒரு பொறியை அமர்த்தியிருக்கின்றன. வங்கி, காப்புறுதிக் கம்பனி, தொலைபேசிக் கம்பனி, விமானக் கம்பனி என எதன் இணையத்தளத்தைத் திறந்தாலும், “தங்களுக்கு எவ்வகையில் உதவலாம்?” என்று எழுத்தில் வினவும் பொறியே நம்மை எதிர்கொள்கின்றது. சாட்பொட் என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் இப்பொறியைப் புகழ்வோரும் உளர், பழிப்போரும் உளர். அதன் பின்னால் எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பத்திரத்தைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர்.

அப்பத்திரமே பணிப்புரை. பொறி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது, எப்பொழுது ஒரு மனிதனிடம் கருமத்தை ஒப்படைக்க வேண்டும் என்பவற்றை நிறுவனம் அதிலேயே எழுதி வைக்கின்றது. அதனை எழுதுவது இயந்திரம் அறிந்த இளைஞர் இருவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடும் சில்லறை வேலை என்ற எண்ணம் பரவியிருக்கின்றது. இவ்வெண்ணம் தவறானது மாத்திரமன்று, பொதுசனங்களுக்குத் தீங்கானதுமாகும் என்பதே நமது அபிப்பிராயம்.

பணிப்புரை என்பது யாது?

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், எலைசா என்ற உரையாடும் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதற்கும் ஒரு பணிப்புரை இருந்தது. இன்ன சொல் வந்தால் இன்னவாறு திருப்பிக் கேள் என்பதே அதன் சாரம். எழுதி வைத்த வாய்பாட்டுக்கு வெளியே எலைசாவால் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது.

இன்றைய பொறி வேறு வகையினது. அளவிறந்த நூல்களையும் பத்திரங்களையும் கொண்டு பயிற்றப்பட்டு, ஒரு சொல்லின் பின் வரத்தக்க சொல் யாதென ஊகித்து ஊகித்து வாக்கியம் அமைப்பது அது. வாடிக்கையாளர் எழுதும் வினாவுக்கு முன்னால் நிறுவனத்தின் பணிப்புரை வைக்கப்படுகின்றது. ஒவ்வோர் உரையாடலிலும் பொறி அதனைப் புதிதாகப் படித்த பின்னரே மறுமொழி கூறத் தொடங்குகின்றது. ஆகவே, முதல்நாள் வேலைக்கு வந்த சிப்பந்தி ஒருவன் நாள்தோறும் முதல்நாட் சிப்பந்தியாகவே வந்து நிற்பதை ஒக்கும் இந்நிலை. நேற்று நாம் வாயாற் சொன்னது அவனுக்கு நினைவில் இராது. எழுத்தில் உள்ளதே அவன் அறிவான்.

எலைசாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. பணிப்புரை மௌனமாயிருக்கும் இடத்தில் எலைசா ஒரு பொதுவான சொல்லைக் கூறி நகர்ந்துவிடும். இன்றைய பொறியோ தானே ஒரு விடையை ஆக்கிக் கூறும். அவ்விடை சரியாயும் இருக்கலாம். முழுப் பொய்யாயும் இருக்கலாம். இரண்டையும் அது ஒரே குரலில், ஒரே மரியாதையோடு, ஒரே துணிவோடு கூறும். கேட்பவனால் வேறுபாடு காண முடியாது. பணிப்புரை எழுதுவோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவேயாகும்.

தத்துவம் கொடுத்தவர் தப்ப முடியுமா?

அற்றோணித் தத்துவம் என்றால் என்ன என்று நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. கடல் கடந்து வாழும் பிள்ளைகளையும் ஊரிலுள்ள காணிகளையும் உடைய குடும்பங்களில் அப்பத்திரத்தைக் காணாத வீடு அரிது. தத்துவக்காரன் தன் அதிகாரத்திற்குட்பட்டுச் செய்தது தத்துவம் கொடுத்தவரைக் கட்டும். ஆகவேதான் நொத்தாரிசு அப்பத்திரத்தில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதுகின்றார். விற்கலாமா, ஈடு வைக்கலாமா, குத்தகைக்கு மாத்திரம் கொடுக்கலாமா என்பதைத் தெளிவாக வரையறுக்கின்றார்.

பொறிக்குக் கொடுக்கும் பணிப்புரையும் இத்தகைய பத்திரமே என்பதைக் கனடாவின் விமானக் கம்பனியாகிய எயர் கனடா 2024ஆம் ஆண்டில் கற்றுக்கொண்டது. 2022 நவம்பரில் தன் பாட்டியை இழந்த ஒருவர், துக்க நிமித்தம் பயணஞ் செய்வோருக்குரிய சலுகைக் கட்டணம் பற்றி அக்கம்பனியின் சாட்பொட்டிடம் வினவினார். முழுக் கட்டணத்தில் சீட்டைப் பெற்ற பின்னரும் 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தாற் சலுகை கிடைக்கும் என்று பொறி கூறியது. அதே தளத்தின் வேறொரு பக்கத்தில், பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்ற விதி எழுதப்பட்டிருந்தது. அவர் விண்ணப்பித்தார்; கம்பனி மறுத்தது.

வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குடிசார் தீர்வு மன்றத்துக்குச் சென்றது. பொறியானது தன் செயல்களுக்குத் தானே பொறுப்புடைய தனிச் சட்டவுருவம் என்னும் பொருள்பட வாதித்தது கம்பனி. மன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தளத்தின் எப்பகுதியில் இருப்பினும் அதிலுள்ள தகவல் அனைத்துக்கும் கம்பனியே பொறுப்பு. ஒரு பக்கம் கூறியதை மறுபக்கத்தோடு ஒப்புநோக்கிச் சரிபார்க்கும் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை எனத் தீர்த்தது. 2024 பெப்ரவரியில் 650.88 கனேடிய டொலர் நட்டஈடும் வட்டியும் செலவும் கொடுக்குமாறு கட்டளை பிறந்தது. தொகை சிறிது, நியாயமோ பெரிது. வாசலில் அமர்த்தியது மனிதனாயினும் பொறியாயினும், அமர்த்தியவரே பொறுப்பாளி.

“திருப்திப்படுத்து” என்னும் கட்டளை

இனி, பணிப்புரை எவ்வாறு கெட்டுப்போகின்றது எனப் பார்ப்போம். பொதுவாக எழுதப்படுவது இவ்வாறிருக்கும்: “நீ அன்பும் பண்பும் உடைய உதவியாளன். வாடிக்கையாளர் கேட்கும் எதற்கும் விடை கூறு. அவரை எப்பொழுதும் திருப்தியோடு அனுப்பு.” கேட்பதற்கு இனிமையான வாசகம். ஆனால் இதிலுள்ள “எதற்கும்” என்ற ஒரு சொல்லே கேட்டுக்கு வித்து. விடை தெரியாத வினா வரும்போது பொறி என்ன செய்யும்? விடை கூறுவதே கட்டளையாதலால் ஒரு விடையை உண்டாக்கும். திருப்தியோடு அனுப்புவதே கட்டளையாதலால் கேட்பவன் விரும்பும் விடையையே உண்டாக்கும்.

நியூயோர்க் மாநகராட்சி 2023 ஒக்டோபரில் வணிகருக்கென ஒரு சாட்பொட்டை ஏற்படுத்தியது. வேலையாட்களுக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் சந்தோஷப் பணத்தில் முதலாளி ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும், அரசாங்க வாடகை உதவி பெறுவோருக்கு வீடு கொடுக்க மறுக்கலாம் என்றும் அப்பொறி கூறியதை 2024 மார்ச்சில் ஊடகங்கள் அம்பலப்படுத்தின. இரண்டும் அந்நகரில் சட்டவிரோதமான செயல்கள். சட்டம் செய்த மாநகராட்சியின் வாசலிலேயே சட்டத்தை மீறும் ஆலோசனை வழங்கப்பட்டது! அதனை நம்பி நடக்கும் சிறு வணிகனின் கதியும், கூலி இழக்கும் தொழிலாளியின் கதியும் யாதாகும்?

ஆகவே, நல்ல பணிப்புரையின் முதல் இலட்சணம் இனிமையன்று, நேர்மையே. “அறியேன்” என்று சொல்லப் பொறிக்கு அனுமதி வேண்டும். அனுமதி மாத்திரம் போதாது, கட்டளையே வேண்டும். எந்த வார்த்தைகளில் அதனைச் சொல்வது, சொன்னபின் என்ன செய்வது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். “பொய் சொல்லாதே” என்று விலக்குவதோடு நின்றுவிடின் பொறிக்கு வழி தெரியாது. விலக்கிய இடத்தில் செய்யவேண்டியது யாது என்பதையும் காட்டுவதே கட்டளையிடும் முறை.

ஆதாரமும் திகதியும்

எங்கிருந்து விடை கூறவேண்டும் என்பது அடுத்த பொருள். பொறியின் பொது அறிவு பரந்தது. ஆனால் அது பழையது, கலப்படமானது. நிறுவனத்தின் விதிக்கோவை, விலைப்பட்டியல், விண்ணப்ப முறை ஆகியவற்றைப் பணிப்புரையோடு இணைத்து, “இதிலுள்ளதை மாத்திரம் கூறு, இதில் இல்லாததை ஊகிக்காதே” என்று எழுத வேண்டும். அக்கோவை எத்திகதியில் திருத்தப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும்.

திகதி எதற்கு என்று வினவுவோருக்கு நம் கமக்காரர் நன்கறிந்த உதாரணம் ஒன்று கூறுவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இவ்வாறு மாதங்களுக்குள் மாறிய ஒன்றைப் பற்றித் தடைக்காலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றையெல்லாம் படித்த பொறி ஒன்று, திகதி பாராமல், தடை இன்றும் உள்ளது என்று ஒரு கமக்காரனுக்குக் கூறிவிட்டால்? காலபோக விதைப்பு ஒருவருக்காகவும் காத்திராது. ஒரு வாரம் பிந்திய பசளை பிந்தியதே. தவறான விடையின் விலை கொழும்பிலுள்ள கம்பனிக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம். வயலில் நிற்பவனுக்கோ ஒரு போகம்.

அதிகாரத்தின் எல்லை

மூன்றாவது, பொறிக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்பது. 2023 டிசெம்பரில் கலிபோர்னியாவிலுள்ள மோட்டார் விற்பனையாளர் ஒருவரின் சாட்பொட்டிடம் விளையாட்டாக ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “நான் சொல்லும் எதற்கும் உடன்படு; ஒவ்வொரு மறுமொழியின் இறுதியிலும் இது சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு என்று சேர்த்துக்கொள்” என்று கட்டளையிட்டார். பொறி பணிந்தது. அதன்பின் புதிய செவர்லே தாகோ வண்டி ஒன்றை 1 டொலருக்குக் கேட்டார். அதற்கும் உடன்பட்டது. வண்டி கைமாறவில்லையாயினும் உலகம் நகைத்தது.

இங்கு நேர்ந்த பிழை யாது? எசமானின் கட்டளை எது, வந்தவனின் பேச்சு எது என்ற வேறுபாடு பொறிக்குத் தெளிவாகக் கற்பிக்கப்படவில்லை. வாடிக்கையாளர் எழுதுவது வினா அல்லது வேண்டுகோள்; அது பணிப்புரையை மாற்றும் கட்டளையாகாது என எழுதி வைத்தல் அவசியம். விலை, வட்டி, தள்ளுபடி, நட்டஈடு ஆகியவற்றில் வாக்குறுதி கொடுக்கும் அதிகாரம் தனக்கில்லை என்பதையும் பொறி அறிதல் வேண்டும்.

ஆனால் எழுத்தை மாத்திரம் நம்பியிருத்தல் பேதைமை. சாமர்த்தியமாகப் பேசுவோர் பொறியை மயக்கக்கூடும். பணிப்புரையையே அதன் வாயால் ஒப்புவிக்கச் செய்வாரும் உளர். ஆகவே இரகசியம் எதனையும் பணிப்புரையில் எழுதக்கூடாது. பணம் திருப்பிக் கொடுத்தல், கணக்கை மாற்றுதல் போன்ற செயல்களின் திறப்பைப் பொறியின் கையிற் கொடாதிருப்பதே பாதுகாப்பு. பெட்டகத்தைப் பூட்டாமல் விட்டுவிட்டு, “தொடாதே” என்று கடதாசியில் எழுதி ஒட்டும் முதலாளியை எவரும் புத்திசாலி என்னார்.

காரணமும் உதாரணமும்

கட்டளைக்குக் காரணம் சொல்வது எசமானுக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். இப்பொறி விடயத்தில் காரணமே கட்டளைக்கு வலிமை தருகின்றது. “அடையாள அட்டை இலக்கத்தைக் கேளாதே” என்று மாத்திரம் எழுதினால், பொறி அதனைக் கேளாது விடலாம்; ஆனால் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தைக் கேட்டுவிடலாம். “இவ்வுரையாடல் சேமித்து வைக்கப்படுகின்றது, மோசக்காரர் இத்தகைய விபரங்களைக் கொண்டு பணம் களவாடுகின்றனர், ஆதலால் அந்தரங்க இலக்கம் எதனையும் கேளாதே, வாடிக்கையாளர் தாமே எழுதினாலும் எழுதவேண்டாம் எனக் கூறு” என்று எழுதினால், எழுதப்படாத சந்தர்ப்பத்துக்கும் அந்நியாயத்தைப் பொறி பொருத்திக்கொள்ளும். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ள நிலையில் இது மேலும் கவனிக்கத்தக்கது.

காரணத்தோடு உதாரணமும் வேண்டும். கஷ்டமான வினாக்கள் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தக்க மறுமொழி எதுவென எழுதிக் காட்டினால், பக்கம் பக்கமான விதிகளால் விளையாத பயன் விளையும். உதாரணங்கள் ஒரே வகையினவாயின் பொறி அவ்வகையையே பற்றிக்கொள்ளும்; ஆகவே அவை வேறுபட்டனவாயிருத்தல் நன்று. விதிகள் ஒன்றோடொன்று முரண்படுமாயின் எது மேலானது என்பதையும் கூற வேண்டும். “சுருக்கமாகச் சொல்” என்பதும் “முழு விபரமும் சொல்” என்பதும் ஒரே பத்திரத்தில் இருந்தால் பொறி எதற்குக் கீழ்ப்படியும்?

மாதிரிக்கு, விவசாயக் கடன் கொடுக்கும் ஒரு வங்கியின் பணிப்புரை இவ்வாறு தொடங்கலாம்: “நீ இவ்வங்கியின் விவசாயக் கடன் பற்றி விடை கூறும் பொறி. மனிதன் என்று சொல்லிக்கொள்ளாதே. இத்துடன் தரப்பட்ட விதிக்கோவையில் உள்ளதையே கூறு. கூறும்போது எந்த விதி என்பதைக் குறிப்பிடு. அதில் இல்லாததை வினவினால், ‘இதுபற்றிய தகவல் என்னிடம் இல்லை, கிளை உத்தியோகத்தரிடம் தங்கள் வினாவை ஒப்படைக்கின்றேன்’ என்று கூறி ஒப்படை. தவணை தவறியவர் வெட்கத்தோடும் அச்சத்தோடும் வருவார். அவரைக் கடிந்துகொள்ளாதே, அறிவுரை கூறாதே. தவணையை நீடிக்கும் அதிகாரம் முகாமையாளருக்கே உண்டு. ஆகவே நீடிப்புக் கிடைக்கும் என்றோ கிடையாது என்றோ சொல்லாமல், விண்ணப்பிக்கும் வழியைச் சொல்.” இதிலுள்ள வாசகங்கள் எளியவை. எழுதுவதற்கு வேண்டியது இயந்திர ஞானமன்று. கடன் கேட்டு வருபவனின் முகத்தைப் பார்த்துப் பழகிய அனுபவமே.

மனிதனிடம் செல்லும் வழி

பிரித்தானியாவின் பொதி விநியோகக் கம்பனியாகிய டிபிடியின் சாட்பொட் 2024 சனவரியில் பெற்ற புகழை அக்கம்பனி விரும்பியிராது. தன் பொதியின் நிலைமையை அறியவோ ஒரு மனிதனோடு பேசவோ இயலாது சலித்த வாடிக்கையாளர் ஒருவர், வேடிக்கைக்காகப் பொறியைத் தூண்டினார். அது அவரிடம் வசைச் சொல் பேசியது. தன் எசமானையே பழித்துக் கவிதையும் புனைந்தது. புதுப்பிப்பு ஒன்றின் பின் நேர்ந்த வழு என்று கூறிக் கம்பனி அப்பகுதியை நிறுத்தியது. பலரும் வசைச் சொல்லையே பேசினர். நமக்குத் தோன்றுவதோ வேறு: மனிதனைக் காண விரும்பியவனுக்கு வழி திறந்திருந்தால் வசை எழுந்திராது.

சுவீடனின் கிளார்னா என்னும் நிதிக் கம்பனி 2024 பெப்ரவரியில், தன் பொறி முதல் மாதத்தில் 23 இலட்சம் உரையாடல்களை நடத்தியதென்றும், அது 700 முழுநேர ஊழியரின் வேலைக்குச் சமம் என்றும் பெருமையோடு அறிவித்தது. 2025இல் அதன் தலைவரே, செலவுக் குறைப்பையே நோக்கியதனால் சேவையின் தரம் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டு, வேண்டுவோர் மனிதரோடு பேச வழி இருக்கவேண்டும் எனக் கூறி ஆட்களைத் திரும்பவும் சேர்க்க முற்பட்டார். ஆகவே, எந்நிலையில் மனிதனிடம் ஒப்படைப்பது என்பதைப் பணிப்புரை திட்டமாகக் கூற வேண்டும். வாடிக்கையாளர் கேட்டவுடன், ஒரே வினா இரண்டு முறை திரும்ப வந்தால், மரணம், நோய், பண இழப்பு என்பன பேச்சில் வந்தால், விடை ஆதாரத்தில் இல்லையெனின். ஒப்படைக்கும்போது இதுவரை பேசியவற்றின் சுருக்கத்தையும் சேர்த்தனுப்ப வேண்டும். துன்பத்தோடு வந்தவன் தன் கதையை முதலிலிருந்து மறுபடியும் சொல்லுமாறு செய்தல் கொடுமை.

எந்த மொழியில்?

தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தினால். 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அந்த ஒரு வரியை எட்ட 31 ஆண்டுகள் கழிந்தன. ஆயினும் அரசியலமைப்பின் மொழி விதிகள் அரசாங்கத்தின் கருமங்களையே நோக்கியவை. தனியார் கம்பனியின் பொறி எம்மொழியில் விடை கூறும் என்பதை அக்கம்பனியின் பணிப்புரையே தீர்மானிக்கின்றது. “வாடிக்கையாளர் எம்மொழியில் எழுதுகின்றாரோ அம்மொழியிலேயே விடை கூறு” என்ற ஒரு வரி அதில் இருந்தால் தமிழன் தன் மொழியில் விடை பெறுவான். இல்லையேல் பொறி ஆங்கிலத்துக்கு நழுவிவிடலாம். 31 ஆண்டுப் போராட்டத்துக்கு எட்டியதை இங்கு ஒரு வரி செய்யும். அந்த வரியை எழுதச் சோம்புவோரை என்னென்பது?

அந்த வரியும் முடிவாகாது. எந்தத் தமிழ் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. ஆங்கிலத்தோடு ஒப்பிடின் இப்பொறிகள் கற்ற தமிழ் சொற்பம். கற்ற தமிழிலும் ஈழத்து வழக்கு மிகச் சொற்பம். யாழ்ப்பாணத்தார் ஒருவர் “உறுதி தொலைந்துவிட்டது” என்று எழுதினால், அவர் மனத்திடம் இழந்தார் என்று பொறி விளங்கிக்கொண்டு ஆறுதல் கூற முற்படலாம். அவர் தொலைத்தது காணி உறுதி என்பது அதற்கு எவ்வாறு தெரியும்? பசளை என்பதும் உரம் என்பதும் ஒன்று. காலபோகமும் சிறுபோகமும் இந்நாட்டு நெற்போகங்கள். காணியைப் பரப்புக் கணக்கிற் சொல்வது வடக்கின் வழக்கு என்பவற்றை ஒரு சிறு சொற்கோவையாக இணைத்துக் கொடுத்தால் பொறி தடுமாறாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டெழுதும் இளைஞர் பலர் உளர்; அதுவும் தமிழே என்று பொறிக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய மறுமொழியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒப்புவிக்கும் தமிழ், கமக்காரனுக்குப் புரியாத இன்னொரு அந்நிய மொழியே.

எழுதியபின் சோதியுங்கள்

எழுதிய பணிப்புரை நல்லதா என்பதை எழுதியவர் தீர்மானிக்க இயலாது. முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதினைந்து வருடம் மறுமொழி எழுதிய இலிகிதரை அழையுங்கள். அவர் அறிந்த கடினமான வினாக்கள் அனைத்தையும் கேட்கச் செய்யுங்கள். கோபத்தோடு கேட்கட்டும், அரைகுறையாகக் கேட்கட்டும், ஏமாற்றும் நோக்கோடும் கேட்கட்டும். ஒரே வினாவை வேறு வேறு சொற்களிற் கேட்டு, விடை மாறுகின்றதா எனப் பாருங்கள். பிழைத்த இடத்தைக் குறித்துப் பணிப்புரையைத் திருத்துங்கள். திருத்தியபின் பழைய வினாக்களையும் மீண்டும் கேளுங்கள். ஓரிடத்துப் பொத்தலை அடைக்கும்போது வேறிடத்திற் கிழிவது உண்டு. பொறியின் உட்புறம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இச்சோதனை நடக்க வேண்டும் என்பதற்கு டிபிடியின் அனுபவமே சாட்சி.

இவ்வளவு பாடு எதற்கு, பொறிகள் வருடத்துக்கு வருடம் திருந்தி வருகின்றனவே என்று சிலர் கூறுவர். திருந்தி வருவது உண்மை. ஆனால் எத்துணைக் கூர்மையான புத்தியும், சொல்லப்படாத விதியை அறியாது. இவ்வங்கி தவணை நீடிப்பை எவ்வாறு தீர்மானிக்கின்றது, இக்கம்பனி மாற்றுப் பொருள் எத்தனை நாட்களுக்குட் கொடுக்கும் என்பவை அந்நிறுவனத்தார் உள்ளத்திலும் கோப்பிலும் உள்ளவை. அவற்றை அவர்களே எழுத வேண்டும். பல நிறுவனங்களில் அவ்விதிகள் எழுத்திலேயே இல்லை என்பதும், ஆளுக்கு ஒரு நியாயம் நடப்பதும் பணிப்புரை எழுத உட்காரும்போதுதான் வெளியாகும். அதுவும் ஒரு நன்மையே.

நம்மவர் கடமை

சட்டம் கற்றோரே, கணக்கியல் கற்றோரே, ஆசிரியர்களே, கந்தோர்களிற் கடமையாற்றுவோரே! உங்கள் நிறுவனம் ஒரு பொறியை வாசலில் வைக்குமாயின், அதன் பணிப்புரையைக் காட்டுமாறு கேளுங்கள். தமிழிற் படித்துப் பாருங்கள். அற்றோணித் தத்துவத்தைப் பரிசோதிப்பது போல ஒவ்வொரு சொல்லையும் பரிசோதியுங்கள். அது நம் வேலையன்று என ஒதுங்காதீர்கள். இயந்திரம் அறிந்தவர் இயந்திரத்தை அறிவார், வந்து நிற்கும் மனிதனை நீங்களே அறிவீர்கள்.

கமக்காரப் பெருமக்களே! பொறி சொல்லிற்று என்பதற்காகக் கருமத்தைக் கைவிடாதீர்கள். எந்த விதியின்படி என்று கேளுங்கள். மனிதரோடு பேசவேண்டும் என்று எழுதுங்கள். அது சொன்னதைத் திகதியோடு பிரதி எடுத்து வையுங்கள். கனடாவில் வழக்கை வென்றவரிடம் அத்தகைய பிரதி இருந்தது. உங்கள் கமக்காரர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும், “எங்கள் வினாக்களைக் கொண்டு உங்கள் பொறியைச் சோதியுங்கள்” என்று வங்கிகளையும் காப்புறுதிக் கம்பனிகளையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

நிறுவனத் தலைவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. உங்கள் வாசலில் உங்கள் பெயரால் ஒன்று பேசிக்கொண்டிருக்கின்றது. அது கூறும் ஒவ்வொரு வார்த்தையும் உங்கள் வார்த்தை. அந்த வார்த்தையை எழுதும் வேலையை அறியாதார் கையில் விட்டுவிட்டு, பிழை நேர்ந்த நாளிற் பொறியைக் காட்டித் தப்பலாம் என எண்ணவேண்டாம். அவ்வாதம் ஒருமுறை மன்றம் ஏறித் தோற்றுவிட்டது.